வண்டியில் துளித் தோல் கிடையாது

ஸ்ரீ:
கவரைப்பேட்டை
11-9-1972

சிரஞ்சீவி பராசரனுக்கு அம்மா ஹேமாம்புஜம் அநேக ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன். அதில் எவ்வளவு நிஜம் என்பதை மேலே படித்து நீயே தெரிந்துகொள். ரூர்கேலாவில் மழை விட்டதா? ஹாஸ்டலில் மோராவது கிடைக்கிறதா? போன கடிதத்தில் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. இரும்பு உருக்குவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். நான் இரும்பைப் பெறவில்லை, உன்னைத்தான் பெற்றேன்.

உன் தங்கை அலர்மேல்மங்கை போன புதன்கிழமை பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. வெள்ளிக்கிழமை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். லேடி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: தேதிக்கு ஒரு வாரம் முன்னால் படுக்கை தருகிறேன், அதற்குள் வலி கண்டால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் இங்கே கொண்டுவந்துவிடுங்கள், உள்ளூரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்று. முதல் தடவை நடந்தது உனக்கு நினைவிருக்கும். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டு வண்டியில் முக்கால் மணி நேரம் காத்துக்கிடந்தோம். அந்தக் குழந்தையைப் பற்றி மங்கை இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அதனால்தான் நீ வண்டி வாங்கியபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கும்மிடிப்பூண்டி ஃபாக்டரி மானேஜர் விட்டுப்போன நாற்பத்தாறாம் வருஷத்து அமெரிக்க வண்டி நமக்கு எதற்கு என்று அப்பா குதித்தார். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவள்ளூரிலிருந்து பெருமாள் தீர்த்தத்தை இங்கே நம் சந்நிதிக்குக் கொண்டுவரலாமே என்று நீ சொன்ன பிறகுதான் அடங்கினார். அதற்கும் ஒரு நிபந்தனை. தீர்த்தக் குடம் ஏறுகிற வண்டியில் தோல் இருக்கக் கூடாது. நீயும் சீட்டுத் தோலையெல்லாம் பிரித்தெறிந்து காடாத் துணி போட்டாய். ஆனி மாதம் ரூர்கேலாவுக்குக் கிளம்புகிற அன்று, ‘அப்பா, இப்போ வண்டியில துளித் தோல் கிடையாது’ என்று நீ சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததே, அது என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அந்த வண்டிக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. நின்ற இடத்தில் இன்ஜின் சமர்த்தாக ஓடுகிறது. கிளம்பலாம் என்று பெடலை மிதித்தால் ஒரு விக்கு விக்கி, முன்னும் பின்னும் ஆடி, அணைந்துபோகிறது. எப்படியோ பிழைத்து நகர்ந்துவிட்டால் பட்டணம் வரைக்கும் ஒரு குறை கிடையாது. நின்று கிளம்புவதில்தான் வம்பு. நின்று கிளம்பாமல் நம் வீட்டிலிருந்து எங்கே போக முடியும்? வாசலை விட்டால் கேட்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன், பயப்படாதே, முடிந்துபோன விஷயம். நீ வண்டி ஓட்ட ஏற்பாடு செய்துவிட்டுப் போன வரதன்தான் ஓட்டினான். கேட் மூடியிருந்தது. திறந்ததும் மேட்டில் ஏறினான். சரியாகத் தண்டவாளத்தின் மேல் போய் வண்டி விக்கிற்று, ஆடிற்று, நின்றுவிட்டது. வரதன் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுகிறான், உறுமுகிறது, பெடலை மிதித்தால் அணைகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனில் மெயிலுக்கு மணி அடித்துவிட்டார்கள். கேட் கீப்பர் அப்பாவு சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினான். கேட்டில் நின்ற வண்டிக்காரர்கள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். நாங்கள் அந்தப் பக்கம் இறங்கி ஐந்து நிமிஷத்துக்குள் மெயில் போயிற்று. அப்பா கோவிந்தா கோவிந்தா என்று கத்தினார். நான் வரதனைக் கண்டபடி வைதேன். மங்கையோ இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக ரயில் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

மறுநாள் ஃபாக்டரி ஷிப்டு முடிந்ததும் வரதன் வந்து பானட்டைத் திறந்து கார்புரேட்டரைக் கழற்றினான். ‘மிதிச்ச ஒடனே ஒரு வாய் பெட்ரோல் பீச்சணும்மா. பீச்சல. அதான் விக்குது’ என்றான். பிறகு உள்ளே எதையோ பார்த்தான். பார்த்தவன் அப்படியே மூடித் திரும்ப மாட்டிவிட்டான். என்னப்பா என்று கேட்டதற்கு, சின்ன சாமிக்கு எழுதிக் கேளுங்கள், அவருக்குத் தெரியும் என்பதற்கு மேல் பேசவில்லை. அவன் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகையால் கேட்கிறேன். உனக்கு என்ன தெரியுமோ அதைத் தபால் பார்த்தவுடன் எழுது. வேறு வண்டி என்றால் கும்மிடிப்பூண்டியில் இருப்பது ஒரே டாக்ஸி, அது எந்நேரமும் ஃபாக்டரிக்காரர்களுடன் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாள் நெருங்குகிறது, பராசரா. கேட் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடிப்போய் நிற்கிறேன்.

வெங்கடேசப் பெருமாள் உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் தரட்டும்.

உன் பதிலையே எதிர்பார்த்திருக்கும்
அம்மா


ஸ்ரீ:
கவரைப்பேட்டை
28-9-1972

சிரஞ்சீவி பராசரனுக்கு ஆசீர்வாதம்.

மங்கைக்குக் கால் சற்று வீங்கியிருக்கிறது. மற்றபடி நாள் தள்ளிக்கொண்டு போகிறது. இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. கூட இருப்பவர்களிடம் காட்டாதே.

உன் பதில் 20ஆம் தேதி வந்தது. அப்பா அதை வாசலிலேயே நின்று உரக்கப் படித்தார். வரதன் அப்போது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் கடிதத்தில் என்ன வரப்போகிறது என்று அவனும் கையை நிறுத்திக் கேட்டான். ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடு, பெட்ரோல் மட்டத்தைப் பார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கடைசியில், ‘வரதன் தெரியாமல் கை வைத்து எதையாவது கெடுத்திருப்பான், இனி அவனை பானட்டைத் திறக்க விடாதீர்கள்’ என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு எழுத்தும் அவன் காதில் விழுந்தது.

நீயா கெடுத்தாய் என்று அப்பா அவனைக் கேட்டார். வரதன் அந்தக் காகிதத்தை ஒரு தடவை பார்த்தான். ‘ஆமா சாமி. நாந்தான் தப்பா மாட்டிட்டேன் போல’ என்றான். துணியைப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் காயப்போட்டுவிட்டு, சாவியை அப்பாவின் காலடிப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வண்டி தண்டவாளத்தில் நின்ற அன்று அவனை அத்தனை வைதேனே, அப்போதும் அவன் ஒன்றும் பேசவில்லை. இப்போது பேசினதும் பழியை ஏற்றுக்கொள்ளத்தான்.

அப்புறம் அப்பா பாக்கியராஜ் என்கிற லாரி டிரைவரைக் கூட்டி வந்தார். நீ எழுதினபடியே ஸ்க்ரூவைத் திருகினான். கறுப்புப் புகை வந்தது. விக்கல் போகவில்லை. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், ஆனால் இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்காது என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். முதல் சனிக்கிழமை அப்பா திருவள்ளூரிலிருந்து தீர்த்தக் குடத்தைப் பஸ்ஸில் நின்றபடியே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பாதி தளும்பிவிட்டது. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அங்கே கோயிலில் நம் பூஜை முறை வந்துவிட்டதால், திரும்பத் திருவள்ளூர் போய்விட்டார்.

அவர் போன மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன். மங்கைக்குக் கஞ்சி வைக்க ஸ்டவ்வை மூட்டினேன். பெருமாள் தளிகை விறகடுப்பில்தான், உனக்குத் தெரியும். காப்பி, கஞ்சி, வெந்நீர் மட்டும் ஸ்டவ்வில். பம்ப் அடித்தால் கம்பி வெறுமனே உள்ளே போய் வெளியே வருகிறது, பிடிப்பே இல்லை. ஜ்வாலை மஞ்சளாக ஆடிவிட்டு அணைந்தது. இது எனக்குப் பத்து வருஷப் பழக்கம். கம்பியை வெளியே இழுத்து, நுனியில் இருக்கிற வாஷரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் அதன் உதட்டை விரித்துவிட்டு மறுபடி செருகினேன். நாலு அடி அடித்ததும் நீலமாக எரிந்தது.

கஞ்சி கொதிக்கிறது, நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மிதித்த உடனே ஒரு வாய் பீச்ச வேண்டும் என்று வரதன் சொன்னானே. பீச்சுவதென்றால் பம்ப். பம்ப் என்றால் வாஷர். வாஷர் என்றால் இதோ என் விரலில் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்தத் தோல். அப்போதுதான் வண்டியில் துளித் தோல் கிடையாது என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. 

கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வரதன் வீட்டுக்குப் போனேன். கவரைப்பேட்டைக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை. தெருவே எழுந்து நின்று பார்த்தது. அவன் பெண்டாட்டி செண்பகம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றாள். நான் கையை நீட்டவில்லை. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

வண்டிக்குள் இருந்த தோலை யார் எடுத்தது என்று வரதனைக் கேட்டேன். அவன் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தான். பிரித்தால் செங்கல் நிறத்தில் ஒரு ரப்பர் வட்டம், பெட்ரோலில் ஊறிப் பருத்து, ஓரமெல்லாம் களிம்பாகிக் கிடந்தது. நம் வெந்நீர்ப் பையின் ரப்பர், பராசரா. மங்கைக்கு அந்தக் குழந்தை போனபோது அவள் வயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்க வாங்கினோமே, அந்தப் பை. ஓட்டையானதைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஒரு பக்கம் வட்டமாக வெட்டியிருந்ததை ஆனி மாதமே பார்த்து, எலி கடித்ததென்று நினைத்தேன்.

மானேஜர் காலத்தில் அங்கே தோல்தான் இருந்ததாம். கார்புரேட்டரைக் கழற்றின அன்றே இதைப் பார்த்து, எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டானாம். இதுதான் பெட்ரோலைத் தள்ளவிடாமல் சிக்கிக்கொண்டிருந்தது; எடுத்தாலும் அங்கே தோல் இல்லாமல் பீச்சாதாம். பின்னே ஏன் சொல்லவில்லை, என் பெண் தண்டவாளத்தில் செத்திருப்பாளே என்று கத்தினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘சின்ன சாமியே எழுதுவாருன்னு பாத்தேம்மா. அவரு என் மேல எழுதிட்டாரு. நாங் கோள் சொன்னா யாரு நம்புவாங்க? தோல் வாணாம்னு சாமி என் கண்ணெதிர்ல சீட்டப் பிரிக்கச் சொன்னாரு. நானே உள்ள ஒரு தோலப் போட்டு, அது நாளைக்கித் தெரிஞ்சா, சாதிப் புத்திய காட்டிட்டான்னு சொல்லுவாங்க. வேலைக்கி வேற ஊடு இருக்குதும்மா. இந்தப் பேச்சு வந்தா கழுவ முடியாது.’

 இல்லை, யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் என்று எனக்கே தெரிந்ததால் சொல்லவில்லை. உன் கையால் தோலைத் தொட வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன், என் வீட்டுத் தோலைப் போடு, பழி வந்தால் என் தலையில் என்று மட்டும் சொன்னேன்.

என் ஸ்டவ்வின் வாஷரை நானே கழற்றினேன். சைஸ் ஒரு நூல் பெரிசாக இருந்தது. அவன் பிளேடால் ஓரம் சீவி, விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் மாட்டினான். கார்புரேட்டரின் வாய்க்குள் குனிந்து பார்த்துக்கொண்டு, பெடலை மிதியுங்கள் என்றான். மங்கையைக் கேட்க முடியுமா? மடிசாரை இழுத்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் நானே ஏறினேன். மிதித்தேன். ‘பீச்சுதும்மா’ என்றான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பாக்கியராஜ் திருகின ஸ்க்ரூவை உள்ளே திருகினான். இன்ஜின் தடுமாறிற்று. வெளியே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தான். சத்தம் சீராகிற இடத்தில் நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டு, இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்தான். மிதிக்கச் சொன்னான். விக்கவில்லை. மெதுவாக மிதித்தேன், வேகமாக மிதித்தேன், திடுக்கென்று மிதித்தேன், அது கேட்ட உடனே கிளம்பிற்று. கேட் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், பாதி மேட்டில் ஆறு தடவை நிறுத்தி ஆறு தடவை கிளப்பினான். ஒரு தடவைகூட இன்ஜின் அணையவில்லை. அப்பாவு கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது என் கஷ்டம் வேறு. அப்பா இன்று சாயங்காலம் வருகிறார். சனிக்கிழமை தீர்த்தம் கொண்டுவர வண்டியை எடுக்கப்போகிறார். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் தோலைக் கழற்றச் சொல்லுவார். கழற்றினால் மங்கைக்கு வண்டி இல்லை. சொல்லாமல் தீர்த்தக் குடத்தை ஏற்றவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? ஸ்டவ் இல்லாமல் மூன்று நாளாகக் கும்முட்டியில் கரி ஊதிக் காப்பி போடுகிறேன். அவர் கேட்டால் சொல்வதற்கும் ஒரு பொய் யோசிக்க வேண்டும்.

உன்னைத் திட்டத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். வரவில்லை. தோலை எடுத்தது அப்பா சந்தோஷத்துக்காக என்று எனக்குத் தெரியும். வரதன் மேல் எழுதினது எதற்காக என்றுதான் தெரியவில்லை.

உன் தங்கைக்காக வேண்டிக்கொள். நானும் வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா


ஸ்ரீ:
கவரைப்பேட்டை
16-10-1972

சிரஞ்சீவி பராசரனுக்கு ஆசீர்வாதம்.

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். தாயும் குழந்தையும் நேற்று வீடு வந்து சேர்ந்தார்கள். குழந்தைக்கு உன் மூக்கு, அதற்கென்ன செய்வது? தந்தியில் எட்டு வார்த்தைதான் அடித்தோம். மீதியை இதில் எழுதுகிறேன்.

அப்பா வியாழக்கிழமை வந்ததும் வண்டி சரியாகிவிட்டது, வரதன் சரிசெய்தான், அவனையே ஓட்டச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் ‘உம்’ என்றுவிட்டுக் கால் அலம்பப் போனார். ராத்திரி சொல்லிவிடலாம் என்று இருந்தேன், சாப்பிட்டதும் அசந்து தூங்கிவிட்டார். காலையில் சொல்லலாம் என்று இருந்தேன், சந்நிதிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மங்கை கிணற்றடியில் குந்திவிட்டாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. வலி.

வரதன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தான். குளிக்காமல் ஓடி வந்தான். மங்கையைப் பின் சீட்டில் என் மடியில் படுக்கவைத்து, அப்பா முன்னால் ஏறினார். கேட்டுக்குப் போனால் மூடியிருக்கிறது. கூட்ஸ் போகிறது, போகிறது, முடிகிறபாடாக இல்லை. மங்கை என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. ‘அம்மா, அன்னிக்கு மாதிரியே இருக்கு’ என்றாள். இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசின முதல் வார்த்தை அது.

கூட்ஸ் போனது. அப்பாவு கேட்டைத் தூக்கவில்லை. உள்ளே போய்ப் போனில் பேசிவிட்டு வண்டிப் பக்கம் வந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து மெயில் பொன்னேரியை விட்டுக் கிளம்பப்போகிறதாம். இப்போது திறந்தால் நம் ஒரு வண்டி போக நேரமிருக்கிறது, இல்லாவிட்டால் அரை மணி. பின் சீட்டில் மங்கையைப் பார்த்தான். பிறகு வரதனைப் பார்த்துக் கேட்டான்.

‘அன்னிக்கி மாதிரி நிக்குமா? நிக்காதுன்னு சொல்லு, தொறக்கறேன்.’

வரதன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவனால் எப்படிச் சொல்ல முடியும்? அவனை நம்பாமல்தானே நாம் சாவியை வைத்துவிட்டுப் போகவிட்டோம்? ‘நிக்காது, தொற’ என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

கேட் ஏறியது. வரதன் பெடலை மிதித்தான். அந்த ஒரு நொடியை நான் எப்படி எழுதுவேன்? விக்கல் வருமா என்று என் உடம்பே காதாக இருந்தது. வண்டி ஒரே மூச்சில் மேட்டில் ஏறி, முதல் தண்டவாளம், இரண்டாவது தண்டவாளம், தடக் தடக் என்று தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பின்னால் கேட் மூடுகிற சத்தம் கேட்டது. அப்பா அதுவரை கோவிந்தா சொல்லக்கூட மறந்திருந்தார். பட்டணம் போகிற ஜி.என்.டி. ரோடு ஏறின பிறகுதான் சொன்னார். ஒரு மணி பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. இன்னும் அரை மணி போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டர் சொன்னாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா கேட்டார். ‘அன்னிக்கு நிக்காதுன்னு அவ்வளவு நிச்சயமா சொன்னியே, உனக்கு எப்படித் தெரியும்?’ வரதனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். வாஷரைச் சொன்னேன். தோல் என்று சொன்னேன். என் ஸ்டவ்விலிருந்து நான் எடுத்தது, நான் போடச் சொன்னது, அவன் மாட்டேன் என்றான், நான் கேட்கவில்லை என்று சொன்னேன். முன்னே அங்கே ரப்பர் இருந்தது, அதனால்தான் விக்கிற்று என்றும் சொன்னேன். அந்த ரப்பரைப் போட்டது யார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வரதன்தான் தப்பாக மாட்டினான் என்று அவனே ஒப்புக்கொண்டானே, அதிலேயே அவர் இருக்கிறார்.

மங்கையின் மாமியார் துணைக்கு வந்ததும் வீடு திரும்பினோம், அப்புறம் பத்து நாள் அப்பா என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், திண்ணையில் போய் உட்கார்ந்தார், வந்தார். இரண்டு சனிக்கிழமை தீர்த்தம் வரவில்லை, தீட்டு என்று ஊருக்குச் சொன்னார். கும்முட்டியில் காப்பி லேட்டாகும், அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். வாயைத் திறந்து நாலு திட்டுத் திட்டினாலாவது தேவலையே என்று இருந்தது எனக்கு.

அப்படி இருக்கையில் ஒரு காலை சமையலறைக்குப் போனால், ஸ்டவ் பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம். அதில் நல்லெண்ணெய். எண்ணெய்க்குள் இரண்டு புது வாஷர். அப்பா ஈர வேஷ்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் கும்மிடிப்பூண்டிக்குப் பஸ்ஸில் போய்க் கடைக்காரனிடம் அவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.

‘ரெண்டு வாங்கினேன். ஒண்ணு அடுப்புக்கு. ஒண்ணு வரதன்கிட்ட குடு, வண்டியில கையிருப்பா இருக்கட்டும்.’

அவ்வளவுதான் சொன்னார். அதைக் கிண்ணத்தில் போட்ட பிறகு ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வந்து நின்றார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நேற்று முந்தின நாள், கடைசி சனிக்கிழமை, வரதன் ஓட்ட, தீர்த்தக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியிலேயே திருவள்ளூரிலிருந்து வந்தார். ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

இரண்டாவது வாஷரை நானே வரதன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை செண்பகத்திடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவன் மகள் மணியம்மாள், எட்டு வயசு, துடுக்கு. எங்கப்பாதான் வண்டியக் கெடுத்ததா ஸ்கூலில் சொல்றாங்க, நெசமா என்று என்னைக் கேட்டாள். வரதன் அவளை அதட்டி உள்ளே போகச் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

இந்த உறைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியும். வரதன் இதை எறிந்திருக்கலாம், அப்பாவிடம் காட்டியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் என் கையில் கொடுத்தான். நீ மறந்துபோய் எழுதினாயா, தெரிந்தே எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. எதுவானாலும் நீ என் பிள்ளைதான். ஆனால் அவனும் ஒருத்தன் பிள்ளை, ஒருத்தியின் அப்பா.

தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா. மங்கை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அண்ணா வாங்கின வண்டிதான் என் குழந்தையைக் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொல்கிறாள். அவளுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வண்டி வரும், வரதன்தான் ஓட்டி வருவான். நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. பெரிசாக வேண்டாம், நாலு வரி போதும். அவர் வழக்கம்போல அதை வாசலில் நின்று உரக்கப் படிப்பார். வரதன் வண்டி துடைக்கிற நேரமாகப் பார்த்து நான் அதை அவர் கையில் கொடுக்கிறேன்.

பெருமாள் உனக்குத் துணையிருந்து அந்த நாலு வரியை எழுதவைக்கட்டும்.

அம்மா
ஹேமாம்புஜம்